ஜமைக்காவுல ஹெச்டிஎல்வி: அந்த சதவீதத்தைப் படிக்கறப்போ பண்ணக்கூடாத தப்புகள்

வெஸ்ட் இண்டீஸ்னு சொன்னதும் நமக்கு கிரிக்கெட்தான் ஞாபகம் வரும், ஆனா தொற்றுநோய் எப்படிப் பரவுதுன்னு படிக்கறவங்களுக்கு அந்தத் தீவுகள் வேற ஒரு காரணத்துக்காகவும் முக்கியம். ஹெச்டிஎல்வி-1னு ஒரு வைரஸ் இருக்கு. மனுஷங்கள்ல முதன்முதலா கண்டுபிடிச்ச ரெட்ரோவைரஸே (தன்னோட மரபணுவை நம்ம செல்லோட டிஎன்ஏவுக்குள்ள சொருகிக்கற வகை வைரஸ்) இதுதான், 1980ல அமெரிக்காவுல ராபர்ட் காலோவோட லேப்ல இருந்து வெளிய வந்துச்சு, எச்ஐவிக்கு முன்னாடியே. ஜப்பானோட தென்மேற்குப் பக்கம், ஆப்பிரிக்காவுல சில இடங்கள், அப்புறம் ஜமைக்கா, மார்டினிக், டிரினிடாட் மாதிரி கரீபியன் தீவுகள்ல இது நிறைய பேர்கிட்ட இருக்கு. உலகம் முழுக்க குறைஞ்சது 50 லட்சத்துல இருந்து 1 கோடி பேர்னு கணக்கு. இவ்வளவு பேருக்கு இருக்கற ஒரு தொற்றைப் பத்தி இவ்வளவு கம்மியா பேசறோமேன்னு எனக்கு ரொம்ப நாளா ஒரு ஆதங்கம், அதனாலதான் எழுதறேன்.

முதல்ல பேர்லயே ஒரு குழப்பம் இருக்கு. 1984ல காலோ டீம் எச்ஐவியைத்தான் ஹெச்டிஎல்வி-3னு கூப்பிட்டாங்க, 1986லதான் எச்ஐவிங்கற பேர் வந்துச்சு. அந்தக் காலத்துப் பேப்பரைப் படிச்சுட்டு ஹெச்டிஎல்வி-1 இருந்தா எய்ட்ஸ் வரும்னு எழுதறவங்க இன்னும் இருக்காங்க. வராது. ரெண்டும் ஒரே குடும்பம், வேலை செய்யற விதம் வேற. எச்ஐவி டி செல்லை, அதாவது நோய் எதிர்ப்பு வேலை பார்க்கற ஒரு வகை ரத்த செல்லைக் கொல்லும், இது அந்த செல்லுக்குள்ளயே உக்காந்துக்கிட்டு செல்லைப் பெருக வச்சு அது கூடவே தானும் பெருகும். அதனால பிளாஸ்மாவுல, அதாவது ரத்தத்துல செல்லை நீக்கின திரவத்துல, வைரஸைத் தேடறது வீண். ஜமைக்காவுல ரத்தம் ஏத்திக்கிட்டவங்களைப் பின்தொடர்ந்து பார்த்த ஆய்வுல, பாசிட்டிவ் ரத்தத்துல இருந்து செல் உள்ள பகுதியை வாங்கினவங்கள்ல 44 சதவீதம் பேருக்குத் தொத்திச்சு, வெறும் பிளாஸ்மா வாங்கினவங்க யாருக்கும் தொத்தல. உயிருள்ள செல் ஒருத்தர் உடம்புல இருந்து இன்னொருத்தர் உடம்புக்குப் போகணும், அதாவது தாய்ப்பால், உடலுறவு, ரத்தம். முக்கியமான வழி அவ்வளவுதான்.

இப்போ நான் முக்கியமா சொல்ல வந்த தப்புக்கு வரேன். 1985-86ல ஜமைக்காவுல சாப்பாட்டுத் தொழில் லைசென்ஸுக்கு வந்த 13 ஆயிரத்துக்கும் மேற்பட்டவங்க ரத்தத்தை டெஸ்ட் பண்ணினாங்க, மொத்தமா பார்த்தா 6.1 சதவீதம் பேருக்கு இந்த வைரஸ் இருந்துச்சு. இந்த ஒத்தை நம்பரை எடுத்துக்கிட்டு "கரீபியன்ல 6 சதவீதம்"னு போயிடறாங்க. அந்த ஆய்வோட டேபிளை வயசு வாரியா விரல் வச்சுக் கீழ இறங்கிப் பாருங்க. 10-19 வயசுல 2 சதவீதம்கூட இல்ல. கீழ போகப் போக ஏறுது, வயசான பெண்கள்கிட்ட 17 சதவீதம் கிட்ட வந்துடுது, அதே வயசு ஆண்கள்கிட்ட அதுல பாதிதான். இதைப் பார்த்ததும் "வயசானா தொத்தும்"னு முடிவு கட்டத் தோணும், எனக்கும் முதல்ல அப்படித்தான் தோணுச்சு. ஆனா அந்த ஏற்றத்துக்குள்ள ரெண்டு விஷயம் பின்னிக் கிடக்கு. ஒண்ணு, நிஜமாவே வருஷா வருஷம் சேர்றது, உடலுறவு வழியா ஆண்கிட்ட இருந்து பெண்ணுக்குப் போறதுதான் ஜாஸ்தி, அதனாலதான் நடுவயசுல பெண்களோட கோடு ஆண்களோட கோட்டை விட்டுப் பிரிஞ்சு மேல போகுது. இன்னொண்ணு தலைமுறை. 1985ல 70 வயசுன்னா 1915 வாக்குல பிறந்தவங்க, அவங்க குழந்தையா இருந்தப்போ பால் குடிச்ச காலமே வேற, வாழ்க்கையே வேற, அந்தத் தலைமுறைக்கே தொற்று ஜாஸ்தியா இருந்திருக்கலாம். ஒரே நாள்ல எல்லாரையும் நிக்க வச்சு எடுத்த போட்டோவுல இந்த ரெண்டையும் பிரிக்கவே முடியாது, அதே ஆளுங்களை வருஷக்கணக்கா பின்தொடர்ந்தாதான் பிரியும்.

இதைக் கொசுதான் பரப்புதுன்னு சொல்றவங்களும் இதே டேபிளைப் பார்க்கணும். கொசு பரப்பினா சின்ன வயசுக்காரங்ககிட்டயும் நிறைய இருக்கணும், இங்க அப்படி இல்ல. டிரினிடாட்ல இன்னும் தெளிவா தெரியும். 1845ல இருந்து 1917 வரைக்கும் கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலியா இந்தியாவுல இருந்து ஆளுங்களைக் கப்பல்ல கொண்டு போனாங்க, சென்னைத் துறைமுகம் வழியா போனவங்களும் அதுல உண்டு. அவங்க வம்சாவளியும் ஆப்பிரிக்க வம்சாவளியும் அதே தீவுல, அதே மழை, அதே கொசுக்கு நடுவுலதான் வாழறாங்க, ஆனா தொற்று ஆப்பிரிக்க வம்சாவளிக்காரங்ககிட்ட பல மடங்கு ஜாஸ்தி. இதை ரத்தத்துல இருக்கற குறைன்னோ இனத்தோட குணம்னோ படிச்சா அது பெரிய அநியாயம். அடிமையா பிடிச்சுக் கொண்டு வரப்பட்ட முன்னோர்கள்கிட்ட இருந்து அம்மா பிள்ளைன்னு குடும்பத்துக்குள்ளயே கைமாறி வந்த தொற்று அது. தீவுக்குத் தீவு மாறும், ஒரே தீவுல குடும்பத்துக்குக் குடும்பம் மாறும்.

ரத்த தானம் பண்றவங்க நம்பரை வச்சு நாட்டுக்கே கணக்கு போடறதும் தப்பு, அவங்க பெரும்பாலும் ஆரோக்கியமான இளவயசுக்காரங்க, அதனால உண்மையை விடக் கம்மியாதான் காட்டும்.

நோயையும் தொற்றையும் ஒரே இடத்துல தேடாதீங்க. 1982ல லண்டன்ல இந்த வைரஸால வர்ற ஒரு புது மாதிரி டி செல் ரத்தப் புற்றுநோய் வந்தவங்களைப் பத்தி டேனியல் கடோவ்ஸ்கி குழு எழுதினாங்க, நோயாளிங்க வெஸ்ட் இண்டீஸ்ல பிறந்து அங்க குடியேறினவங்க. தாய்ப்பால்ல வந்த வைரஸ் கடல் தாண்டி வந்து, பல வருஷம் சும்மா இருந்துட்டு, நடுவயசுல தலை காட்டுது. பாசிட்டிவ்னு வந்தவங்களைப் பயமுறுத்தவும் கூடாது. இந்தப் புற்றுநோய் வாழ்நாள்ல 100ல 2 முதல் 5 பேருக்கு வரும், தண்டுவடத்தைப் பாதிக்கற நோய் ஜமைக்கா கணக்குல 100ல 2 பேருக்கு, பெரும்பாலானவங்களுக்கு பெருசா எதுவும் வராது. ஆனா தண்டுவட நோய் வர்றவங்களுக்கு அது கொடுமை. கால் மெல்ல மரக்கட்டை மாதிரி விறைக்கும், செருப்பு முனை தரையில உரசித் தேயும், பாத்ரூம் போறதுக்குள்ள அடக்க முடியாம போயிடும். ஜமைக்காவுல 1956லயே குருக்ஷேங்க் இந்த மாதிரி நோயாளிங்களைப் பத்தி எழுதிட்டார், வைரஸோட தொடர்பு தெரிஞ்சது 1985லதான், மார்டினிக்ல ஜெசான் குழு மூலமா. நடுவுல இருந்த ஆளுங்களுக்கெல்லாம் காரணமே தெரியல.

தாய்ப்பால் விஷயத்துல அவசரப்படாதீங்க. ஜமைக்காவுல 12 மாசத்துக்கு மேல பால் குடிச்ச பிள்ளைகள்ல கிட்டத்தட்ட மூணுல ஒருத்தருக்குத் தொத்திச்சு, அதுக்கு முன்னாடியே நிறுத்தினவங்கள்ல 9 சதவீதம். இதைப் படிச்சுட்டு "பாலே வேண்டாம்"னு சொல்றது சுலபம், ஆனா சுத்தமான தண்ணியும் பால்பவுடர் வாங்கக் காசும் இல்லாத வீட்டுல அந்தப் பிள்ளை வயித்துப்போக்குலயே போயிடும். குடிக்கற மாசத்தைக் குறைக்கறதைப் பத்தி அந்தம்மா நிலைமையைப் பார்த்துத்தான் பேசணும்.

இந்தத் தீவுகள்ல ஒரு பிள்ளைக்குத் தலையிலயும் காது பின்னாடியும் ஈரமா பொருக்கு கட்டி, மூக்கு ஓரம் காய்ஞ்சு ஒட்டி, மருந்து நிறுத்தினா திரும்பத் திரும்ப வந்தா, சாதா எக்சிமான்னு களிம்பு கொடுத்து அனுப்பாதீங்க. அந்தத் தோல் நோயை ஜமைக்காவுல 1966லயே எழுதியிருக்காங்க, அதுக்குக் காரணம் இந்த வைரஸ்னு 1990லதான் தெரிஞ்சது. பிள்ளைக்கு டெஸ்ட் எடுங்க, கையோட அம்மாவையும் கூடப் பிறந்ததுகளையும் கூப்பிட்டு எடுங்க.