கடனோடு ஒட்டிக்கொண்டு வரும் காப்புறுதி: பிரித்தானியாவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

புது சிம் போட்ட சில கிழமைகளிலேயே, "உங்கள் பெயரில் பிபிஐ பணம் கிடக்கிறது, வங்கி விவரத்தைச் சொல்லுங்கள்" என்று ஓர் அழைப்பு வரலாம். நேற்று வந்திறங்கியவர் பெயரில் அப்படி ஒரு பணம் இருக்க வழியே இல்லை. பிபிஐ என்பது முன்பு கடனோடு சேர்த்துத் தவறாக விற்கப்பட்ட ஒரு காப்புறுதி; அதுபற்றிய பழைய முறைப்பாடுகளுக்கான கதவு 2019 ஓகஸ்ட் 29 அன்று மூடப்பட்டுவிட்டது. தொலைபேசியை வைத்துவிடுங்கள். ஆனால் பிபிஐ நட்டஈடு எப்படி நடந்தது என்பதைத் தெரிந்து வைத்திருங்கள். இன்று உங்கள் கடனோடு வேண்டாத ஒன்றைச் சேர்த்து விற்றாலும், பணத்தைத் திரும்பப் பெறப் போகவேண்டிய பாதை பெரும்பாலும் அதேதான்.

பிபிஐ என்பது கடன் தவணைக்கான காப்புறுதி. வேலை போனாலோ நோய், விபத்து என்று படுத்துவிட்டாலோ, பெரும்பாலும் 12 மாதம்வரை தவணையை அது கட்டும். சரியான ஆளுக்கு உதவக்கூடிய பொருள்தான். விற்ற விதத்தில்தான் கோளாறு. "இதை எடுத்தால்தான் கடன் கிடைக்கும்" என்றார்கள். படிவத்தில் முன்கூட்டியே சரி அடையாளம் போட்டு நீட்டினார்கள். சுயதொழில் செய்பவர், ஓய்வுபெற்றவர், தற்காலிக வேலையில் இருப்பவர் எனப் பணம் கேட்கவே முடியாதவர்கள் தலையிலும் கட்டினார்கள். ஏற்கெனவே இருந்த நோய்க்குப் பணம் கிடையாது. முதுகுவலிக்கும் மன அழுத்தத்துக்கும் பல ஒப்பந்தங்களில் தனிக் கட்டுப்பாடு. இவையெல்லாம் பின்பக்கத்தில் சின்ன எழுத்தில் இருந்தன.

எல்லாவற்றிலும் மோசமானது ஒற்றைப் பிரீமிய முறை. ஐந்தாண்டுக்கான பிரீமியம் முழுவதையும் முதல் நாளே கடன் தொகையில் ஏற்றிவிடுவார்கள். 5,000 பவுண்ட் கேட்டவர் 6,000 பவுண்ட் கடனாளியாவார். அந்த மேலதிக 1,000 பவுண்டுக்கும் கடன் வட்டி ஓடும். கடன் பத்தாண்டு, காப்புறுதி ஐந்தாண்டு என்றால், காப்பு முடிந்த பின்னும் அதற்கான வட்டியைக் கட்டிக்கொண்டே இருக்கவேண்டும்.

2011 ஏப்ரலில் வங்கிகள் பிபிஐ பற்றிய உயர் நீதிமன்ற வழக்கில் தோற்றன. அந்த ஆண்டிலிருந்து அவை திருப்பிக் கொடுத்தது 38 பில்லியன் பவுண்டுக்கும் மேல்.

பிபிஐ நட்டஈட்டுக் கணக்கின் அடிப்படை, அந்தக் காப்புறுதியை எடுக்காமலே இருந்திருந்தால் நீங்கள் எந்த நிலையில் இருந்திருப்பீர்களோ அங்கே உங்களைக் கொண்டுபோய் நிறுத்துவது. கட்டிய பிரீமியம் முழுவதும் திரும்ப வரும். அந்தப் பிரீமியத்தின் மீது வாங்கிய கடன் வட்டியும் வரும். இத்தனை காலம் அந்தப் பணம் உங்கள் கையில் இல்லாமல் போனதற்கு, ஒவ்வொரு தவணையும் கட்டிய நாளிலிருந்து பிபிஐயில் ஆண்டுக்கு 8% தனிவட்டி சேர்த்தார்கள். மாதம் 20 பவுண்டாக 36 மாதம் கட்டியவருக்கு அசல் 720 பவுண்ட். கடைசித் தவணைக்குப் பத்தாண்டு கழித்துத் தீர்வு வந்தால், 8% வட்டி மட்டும் சுமார் 660 பவுண்ட். காலம் போகப் போக வட்டி அசலை எட்டிப் பிடித்துவிடும். கடனட்டையில் கணக்கு இன்னும் சிக்கல்: பிபிஐ இல்லாமல் மாதாமாதம் மீதி எவ்வளவு இருந்திருக்கும் என்று முதலிலிருந்து எழுதி, அதனால் விழுந்த தண்டக் கட்டணங்களையும் கழிக்கவேண்டும். அதே கடனில் நிலுவை இருந்தால், நட்டஈட்டை வங்கி முதலில் அதில் கழித்துக்கொள்ளலாம்.

வருமானவரியில் பலர் கோட்டை விட்டார்கள். திரும்பி வரும் பிரீமியத்துக்கு வரி இல்லை. 8% வட்டிப் பகுதி மட்டும் வருமானம். அதில் 20% பிடித்துக்கொண்டுதான் கொடுப்பார்கள். மேலுள்ள கணக்கில் அது 132 பவுண்ட். ஆனால் அடிப்படை வரி கட்டுபவருக்கு 2016 ஏப்ரலிலிருந்து ஆண்டுக்கு 1,000 பவுண்ட்வரை சேமிப்பு வட்டிக்கு வரி கிடையாது. ஆகவே பிடித்த வரியை வரித் திணைக்களமான எச்எம்ஆர்சியிடம் ஆர்40 படிவம் போட்டுத் திரும்பக் கேட்கலாம். அந்த வரியாண்டு முடிந்து நான்கு ஆண்டுக்குள் கேட்கவேண்டும். வேறு எந்த நட்டஈட்டு வட்டியில் வரி பிடித்தாலும் இதே வழிதான். படிவம் இலவசம். இதற்கென்று முகவர் வேண்டியதில்லை.

இதற்குள் இன்னொரு வழக்கும் வந்தது. 2014 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்த்த பிளெவின் வழக்கில், கட்டிய பிரீமியத்தில் 71.8% தரகாகவே போயிருந்தது. கடன் வாங்கியவருக்கு அது சொல்லப்படவில்லை. சொல்லாமல் மறைத்தது நியாயமற்ற உறவு என்றது நீதிமன்றம். அதன் பிறகு, விற்ற விதம் சரியாக இருந்தாலும், தரகு 50 சதவீதத்தைத் தாண்டிய பகுதியைத் திருப்பிக் கொடுக்கவேண்டும் என்று நிதி நிறுவனங்களைக் கண்காணிக்கும் எஃப்சிஏ விதித்தது. இன்றைய கார் கடன் தரகுப் பிரச்சினைக்கும் வேர், நியாயமற்ற உறவு பற்றிய இதே சட்டத்தில்தான். வட்டியைக் கூட்டினால் விற்பவருக்குத் தரகு கூடும் என்ற ஏற்பாட்டை எஃப்சிஏ 2021 ஜனவரி 28 முதல் தடைசெய்துவிட்டது.

இனி நடைமுறை. கடனோடோ காரோடோ தவறாக எதையாவது விற்றுவிட்டார்கள் என்றால், விற்ற நிறுவனத்துக்கே முதலில் எழுதுங்கள். "இது ஒரு முறைப்பாடு" என்று தெளிவாகக் குறிப்பிடுங்கள். கணக்கு எண், விற்ற திகதி, என்ன சொன்னார்கள், எது உங்களுக்குப் பொருந்தவில்லை, என்ன வேண்டும் என்பவை போதும். கோபத்தைக் கொட்டிய நான்கு பக்கக் கடிதத்தைவிட, "அன்று நான் சுயதொழில் செய்தேன், அதை யாரும் கேட்கவில்லை" என்ற ஒரு வரி அதிகம் வேலை செய்யும். ஆவணம் கையில் இல்லையென்றால், உங்களைப் பற்றி வைத்திருக்கும் தரவுகளைத் தரும்படி கேளுங்கள். இலவசமாக, பொதுவாக ஒரு மாதத்துக்குள் தரவேண்டும்.

இறுதிப் பதில் தர நிறுவனத்துக்கு 8 கிழமை உண்டு. பதில் பிடிக்கவில்லையென்றால், அல்லது 8 கிழமை கடந்தும் வரவில்லையென்றால், இத்தகைய பிணக்குகளைத் தீர்க்கும் நிதி ஓம்புட்ஸ்மனிடம் போகலாம். இறுதிப் பதில் வந்த நாளிலிருந்து 6 மாதம்தான் அவகாசம். கடிதத்தை மேசையில் போட்டுவிட்டு மறந்தவர்கள் இங்கேதான் தோற்கிறார்கள். பொதுவான வரம்பு, விற்று 6 ஆண்டு, அல்லது தவறு தெரியவந்து 3 ஆண்டு, இவற்றில் பிந்தியது. முதலில் ஒரு விசாரணையாளர் பார்ப்பார்; அதை ஏற்காவிட்டால் ஓம்புட்ஸ்மன் முடிவு சொல்வார். அதை நீங்கள் ஏற்றால் நிறுவனம் கட்டுப்பட்டாகவேண்டும். ஏற்காவிட்டால் நீதிமன்றம் போகும் உரிமை உங்களிடமே இருக்கும். உங்களுக்கு ஒரு பென்னிகூடச் செலவில்லை. நிறுவனமே மூழ்கிவிட்டிருந்தால் எஃப்எஸ்சிஎஸ் என்ற ஈட்டுத் திட்டத்தைக் கேளுங்கள்.

உங்களுக்காக முறைப்பாட்டை நடத்தித் தரும் இடைத்தரகர்களின் கட்டணத்துக்கு பிபிஐயில் 2018இல் போட்ட உச்சவரம்பு, கிடைக்கும் பணத்தில் 20 சதவீதம். அதற்கு மேல் வற் வரி வேறு, ஆக 24. மேலுள்ள கணக்கில் வரி போக 1,248 பவுண்ட் கைக்கு வரவேண்டியவர் ஏறத்தாழ 300 பவுண்டை இழப்பார், அதுவும் தானே எழுதக்கூடிய ஒரு கடிதத்துக்காக. முன்பணம் கேட்பவரோடு பேச்சே வேண்டாம்.

உங்கள் வீட்டில் நெடுங்காலமாக இங்கே இருக்கும் பெரியவர்கள் பழைய கடிதங்களைக் காட்டினால், ஒரு விதிவிலக்கை நினைவில் வையுங்கள். இன்னும் நடப்பில் இருக்கும் பிபிஐயில் பணம் கேட்டு, தகுதியில்லை அல்லது விலக்கு என்று மறுத்தால், விற்ற விதம் பற்றி இப்போதும் முறைப்பாடு செய்யலாம்.

கையெழுத்திடும் நாளில் இரண்டே விடயம். கடன் ஒப்பந்தத்தில் நீங்கள் கேட்ட தொகையும் மொத்தக் கடன் தொகையும் ஒன்றா என்று பாருங்கள்; வித்தியாசம் இருந்தால் அது எதற்கு என்று கேளுங்கள். கடன் கொடுத்த கையோடு பிபிஐ விற்கக் கூடாது, 7 நாள் இடைவெளி வேண்டும் என்பது 2012இலிருந்து விதி. ஏமாந்து கையெழுத்திட்டுவிட்டாலும், பெரும்பாலான காப்புறுதிகளை 14 நாளுக்குள் காரணம் சொல்லாமலே இரத்துச் செய்யலாம். இரத்தை மின்னஞ்சலில் எழுதி, நகலை வைத்துக்கொள்ளுங்கள்.