கொலோசியத்தைப் பார்ப்பது எப்படி: முதல்முறை போகிறவர்களுக்கு

ரோமுக்குப் போகிறவர்களில் பலர் அங்குள்ள பழங்கால அரங்கமான கொலோசியத்தை ஒரு சுற்று சுற்றி, நாலு படம் எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிடுகிறார்கள். அங்கே ஒரு நாள் ஆட்டம் எப்படி நடந்தது என்று தெரிந்துகொண்டு போனால், ஒவ்வொரு வளைவும் படிக்கட்டும் எதற்கு என்று புரியும். விசா, விமானம், தங்குமிடம் எல்லாம் முடிந்துவிட்டது என்று வைத்துக்கொண்டு ஆரம்பிக்கிறேன்.

படி 1: டிக்கெட்

பெரும்பாலோர் சிக்கிக்கொள்வது இங்கேதான். டிக்கெட்டில் உங்கள் பெயரும் நுழையும் நேரமும் இருக்கும். வாசலில் பாஸ்போர்ட்டோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். நமக்கு இனிஷியல் பழக்கம். படிவமோ பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு கட்டங்களையும் நிரப்பச் சொல்லும். பாஸ்போர்ட்டில் அச்சாகியிருப்பதை எழுத்து மாறாமல் அப்படியே இடுங்கள். 'கே.' என்று மட்டும் போட்டு முடித்துவிடாதீர்கள். பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர் காலியாக இருந்தால், இருக்கிற பெயரையே இரண்டிலும் இடுவது என் வழக்கம்.

அதிகாரப்பூர்வ தளத்திலேயே வாங்குங்கள். சுமார் 30 நாள் முன்னால் விற்பனை திறக்கும். எல்லாம் ரோம் நேரம். கோடையில் நாம் மூன்றரை மணி நேரம் முன்னால் இருக்கிறோம், குளிர்காலத்தில் நாலரை. மணல் தரைக்கும் போகக்கூடிய டிக்கெட் கிடைத்தால் அதையே எடுங்கள். மாதத்தின் முதல் ஞாயிறு இலவசம்தான், ஆனால் அன்றைய கூட்டத்தில் எதையும் நின்று பார்க்க முடியாது.

படி 2: உள்ளே போகும் முன் வெளியே

மெட்ரோ பி தடத்தில் கொலோசியோ நிலையத்தில் இறங்கினால் எதிரிலேயே நிற்கும். உடனே வரிசைக்குப் போகாதீர்கள். கிழக்குப் பக்கம் நடந்தால் சாலை மட்டத்துக்குக் கீழே லூதுஸ் மாக்னுஸின் இடிபாடுகள் தெரியும். கிளாடியேட்டர்கள், அதாவது மக்கள் பார்க்க ஆயுதம் ஏந்தி மோதிய வீரர்கள், தங்கிப் பயிற்சி எடுத்த கூடம் அது. அங்கிருந்து அரங்கத்துக்குச் சுரங்கப்பாதையே இருந்தது. தெருவில் நின்று பார்க்கக் காசு வேண்டாம்.

அப்புறம் வடக்குச் சுவர். வளைவுகளுக்கு மேலே நிமிர்ந்து பாருங்கள். 23 முதல் 54 வரை ரோமன் எண்கள் இன்னும் இருக்கின்றன. 44இல் வரும் நான்கைத் தனித்தனியாக நாலு கோடு போட்டுச் செதுக்கியிருக்கிறார்கள். 38க்கும் 39க்கும் நடுவே ஒரு வளைவுக்கு எண்ணே இல்லை, அது பேரரசருக்கானது. சுமார் 50,000 பேர் தத்தம் எண்ணைப் பார்த்து நுழைந்து, தத்தம் தகுதிக்கேற்ற வரிசையில் உட்கார்ந்தார்கள். செனட்டர்கள் மணலை ஒட்டி, பெண்கள் உச்சியில்.

படி 3: முதலில் மேல்மாடி

எல்லோரும் கீழ்த்தளத்திலேயே சுற்றுவார்கள். நீங்கள் நேராக மேலே ஏறுங்கள். அங்கிருந்து பார்த்தால் மணல் தரை இருந்த இடத்தில் சுவர்களும் சந்துகளும் தெரியும். பேரரசர் டொமிஷியன் காலத்தில் கட்டிய நிலவறை அது. விலங்குக் கூண்டுகளைக் கப்பியும் கயிறும் கொண்டு ஆட்கள் சுழற்றி மேலே ஏற்றினார்கள். தரையில் கதவு திறக்கும், சிறுத்தை வெளியே பாயும்.

ஒரு நாளின் வரிசையை இங்கே நின்று நினைத்துப் பாருங்கள்: காலையில் விலங்கு வேட்டை, நண்பகலில் மரண தண்டனைகள், மாலையில் கிளாடியேட்டர்கள். ஜோடி சேர்ப்பதிலும் கணக்கு உண்டு. வலையும் திரிசூலமும் ஏந்திய ரெட்டியாரியஸ் வகை வீரனுக்கு எதிரே செக்யூட்டர் என்ற வகை வீரன். செக்யூட்டரின் தலைக்கவசம் வழுவழுப்பாக இருக்கும், வலை சிக்கக்கூடாதே. கண்ணுக்கு இரண்டு சின்ன ஓட்டைகள் மட்டும். அதனால் மூச்சும் பார்வையும் சீக்கிரம் தளரும்.

ஒவ்வொரு மோதலும் சாவில் முடியவில்லை. கி.பி. 80இல் பேரரசர் டைட்டஸ் நடத்திய திறப்பு விழா 100 நாள் நீண்டது. அதில் பிரிஸ்கஸ், வேரஸ் என்ற இரு கிளாடியேட்டர்கள் சளைக்காமல் மோதி ஒரே நேரத்தில் தோல்வியை ஒப்புக்கொள்ள, இருவருக்குமே விடுதலையின் அடையாளமான மரவாள் கிடைத்தது. கவிஞர் மார்ஷியல் இதைப் பாடியிருக்கிறார். இதைப் படித்துவிட்டுப் போனால், அந்த மணலில் நின்றவர்கள் வெறும் வேடிக்கைப் பொருளாகத் தெரியமாட்டார்கள். எனக்கு இந்த இடம் பிடித்துப்போனதே அதனால்தான்.

பின்னர் சேர்த்தது: வயதான பெற்றோரை அழைத்துப் போகலாமா என்று சிலர் கேட்டிருந்தார்கள். தாராளமாக. படிகள் செங்குத்து, ஆனால் லிஃப்ட் இருக்கிறது, ஊழியர்களிடம் கேளுங்கள். பெரிய பையையும் கண்ணாடி பாட்டிலையும் அறையிலேயே வைத்துவிடுங்கள். பையை ஒப்படைக்க அங்கே இடம் கிடையாது.