தரங்கம்பாடியில் ஓர் எளிய நடை: முதல்முறை போகிறவர்களுக்கு

பழைய ஊர்களை நடந்து பார்க்க ஆசை, எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை என்பவர்களுக்கு நான் முதலில் சொல்லும் ஊர் மயிலாடுதுறை மாவட்டத்துத் தரங்கம்பாடி. ஏற்ற இறக்கம் கிடையாது. ஊர் வாசலிலிருந்து கடல்வரை ஒரே நேர் வீதி. குழந்தைகளும் வயதானவர்களும் தாராளமாக நடக்கலாம். நின்று நிதானமாகப் பார்த்தால் மூன்று மணி நேரம் பிடிக்கும்.

இங்கே வருகிறவர்களில் பலர் கோட்டையைப் பார்த்துவிட்டு, கடலில் கால் நனைத்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். ஊரின் கதை 1620இல் டேனிஷ்காரர்களோடு தொடங்குகிறது என்ற நினைப்போடே போய்விடுகிறார்கள். அது சரியல்ல. அதனால் கீழே சொல்லும் வரிசையைக் கடைசிவரை விடாதீர்கள்.

கிளம்பும் முன்

மயிலாடுதுறை, காரைக்கால், சிதம்பரம் மூன்றிலிருந்தும் பேருந்து உண்டு. மயிலாடுதுறையிலிருந்து 1926 முதல் 1986 வரை ரயிலே ஓடியது. இப்போது சாலை வழிதான். ஜனவரி, பிப்ரவரி மாதங்கள் இதமாக இருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் போக வேண்டாம்.

பிற்பகல் மூன்று மணிவாக்கில் நடக்கத் தொடங்குங்கள். காரணம் இருக்கிறது. ஊர் வாசல் மேற்கு பார்த்தது, அதன் முகத்தில் அப்போதுதான் வெயில் விழும். கோட்டை மூடுவதற்குள் போய்விடலாம். கோயில் நடை மாலையில் திறந்திருக்கும், கடற்காற்றும் வந்துவிடும். தொப்பியும் தண்ணீரும் போதும். கோட்டைக்குச் சிறு நுழைவுக்கட்டணம் உண்டு, சில்லறை வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் படி: ஊர் வாசல்

வெள்ளை பூசிய இந்த வாசலைக் கட்டியது 1792இல். அதற்கு முன்பு இருந்த வாசல் 1660களைச் சேர்ந்தது. அந்தக் காலத்தில் ஊரைச் சுற்றி மதில் இருந்தது. அதை எழுப்பிய மனிதரின் கதையைத் தெரிந்துகொண்டு உள்ளே போனால் எல்லாமே வேறு மாதிரி தெரியும்.

1639க்குப் பிறகு நெடுங்காலம் டென்மார்க்கிலிருந்து இங்கே கப்பலே கிளம்பவில்லை. இருந்தவர்கள் ஒவ்வொருவராக இறந்துபோனார்கள், அல்லது விட்டுப்போனார்கள். 1655இலிருந்து எஸ்கில் ஆண்டர்சன் கோங்ஸ்பாக்கே என்ற ஒரே ஒரு டேனிஷ்காரர் உள்ளூர் ஆட்களை வைத்துக்கொண்டு கோட்டையைக் காத்தார். மதிலையும் கட்டினார். அடுத்த கப்பல் வந்து சேர்ந்தது 1669இல். கோட்டை நின்றது அந்த உள்ளூர் ஆட்களால்தான் என்பது என் எண்ணம். அவர்கள் பெயர் எந்தப் பலகையிலும் இல்லை.

இரண்டாம் படி: ராஜ வீதி

வாசலைத் தாண்டியதும் இதுதான் பிரதான வீதி. வேகமாக நடந்தால் பத்தே நிமிடத்தில் கடல் வந்துவிடும், அதனால் வேண்டுமென்றே மெதுவாகப் போங்கள். தூண் வைத்த தாழ்வாரங்களையும் கனமான சுண்ணாம்புச் சுவர்களையும் பார்த்துக்கொண்டே நடக்கலாம். பல வீடுகளில் ஆட்கள் குடியிருக்கிறார்கள். கேட்காமல் படம் எடுக்காதீர்கள்.

வழியில் இரண்டு தேவாலயங்கள். சீயோன் ஆலயம் 1701இல் டேனிஷ்காரர்களுக்காகக் கட்டியது. புது எருசலேம் ஆலயம் 1718இல் தமிழ்ச் சபைக்காக எழுந்தது. இதன் முகப்பில் டென்மார்க் அரசரின் முத்திரையும் கிரீடமும் இருப்பதைக் கவனியுங்கள். உள்ளே பர்த்தலோமேயு சீகன்பால்குவின் கல்லறை இருக்கிறது.

ஜெர்மனிக்காரப் பாதிரியாரான இவர் 1706 ஜூலை 9 அன்று இங்கே வந்திறங்கி, தமிழ் படித்து, அச்சுக்கூடம் அமைத்து, 1715இல் தமிழ்ப் புதிய ஏற்பாட்டை முழுமையாக அச்சிட்டு முடித்தார். 1719இல் இறந்தபோது வயது 36. தமிழின் முதல் அச்சு நூலே இங்கேதான் வந்தது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். 1578லேயே கொல்லத்தில் தமிழ் நூல் அச்சாகிவிட்டது. தரங்கம்பாடியின் பெருமைக்கு அந்தக் கூடுதல் பட்டம் தேவையும் இல்லை.

மூன்றாம் படி: கோட்டை

வீதி முடிந்ததும் திறந்த மைதானம், அதன் ஓரத்தில் டான்ஸ்போர்க் கோட்டை. தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் 1620இல் அனுமதி பெற்று, டேனிஷ் தளபதி ஓவே கெடே கட்டத் தொடங்கியது. தேடி வந்த சரக்கு மிளகு.

முதலில் கீழ்த்தளம். கிடங்கு, வீரர்கள் தங்கிய அறைகள், சிறை எல்லாம் இங்கேதான். சீகன்பால்குவையே 1708இல் அப்போதிருந்த டேனிஷ் தளபதி பிடித்து, நான்கு மாதம் இந்தக் கோட்டைக்குள் அடைத்து வைத்தார். ஒரே நாட்டு அரசர் அனுப்பிய பாதிரியாரும் அதே அரசரின் அதிகாரியும் அவ்வளவு மோதிக்கொண்டார்கள். அப்புறம் மேல்தளத்து அருங்காட்சியகத்தைப் பார்த்துவிட்டு, கடல் பக்கம் போய் நில்லுங்கள்.

1845இல் டென்மார்க் இந்த ஊரையும் வங்காளத்துச் செராம்பூரையும் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயருக்கு விற்றது. 1861இல் நாகப்பட்டினத்துக்கு ரயில் வந்ததும் வியாபாரம் அங்கே போய்விட்டது. ஊர் பெரிதாக வளராமல் நின்றது அதனால்தான். பழைய வீதி இன்னும் பழைய வீதியாக இருப்பதற்கும் அதுவே காரணம்.

நான்காம் படி: மாசிலாமணிநாதர் கோயில்

இங்கேதான் திரும்பிவிடக் கூடாது. கோட்டையிலிருந்து கரையோடு வடக்கே கொஞ்ச தூரம் நடந்தால் மாசிலாமணிநாதர் கோயில். பாண்டியன் மாறவர்மன் குலசேகரன் காலத்தில், 1306இல் எழுந்தது. டேனிஷ்காரர்கள் வருவதற்கு முந்நூறு வருடங்களுக்கும் மேல் முந்தியது. கல்வெட்டில் இந்த ஊர் சடங்கன்பாடி என்றும் குலசேகரன்பட்டினம் என்றும் வருகிறது. பட்டினம் என்றாலே துறைமுக ஊர். ஆக, டேனிஷ்காரர்கள் வெறும் மணல்மேட்டில் வந்து இறங்கவில்லை. கடல் வணிகம் பழகிய ஊராகப் பார்த்துத்தான் இறங்கினார்கள்.

கோயிலின் முன்பகுதியை அலை அரித்துக் கொண்டுபோய்விட்டது. எஞ்சியதைப் புதுப்பித்துப் பூசை நடக்கிறது. கரையில் கொட்டியிருக்கும் பாறைகள் மேல் ஏறாதீர்கள், வழுக்கும். குழந்தைகள் கையை விடவே வேண்டாம். பக்கத்தில் மீனவர் குடியிருப்பு. 2004 சுனாமியில் இந்தக் கரை ஏராளமான உயிர்களைப் பறிகொடுத்தது. வலை உலர்த்துகிறவர்களிடம் கேட்டால் எந்த இடம்வரை நிலம் இருந்தது என்று கை காட்டுவார்கள். எந்தத் தகவல் பலகையையும்விட அந்தப் பேச்சு மதிப்புள்ளது. ஆனால் சுனாமிப் பேச்சை நீங்களாக எடுக்காதீர்கள், அவர்களாகச் சொன்னால் கேளுங்கள்.

நேரம் மிச்சமிருந்தால்

திரும்பும்போது பக்கத்து ஊரான பொறையாரில் இறங்கி, கடுதாசிப்பட்டறை எங்கே என்று கேளுங்கள். சீகன்பால்குவின் அச்சுக்கூடத்துக்குக் காகிதம் செய்யப் பட்டறை போட்ட இடம் அது.