கார்த்திகைப்பூ வளவில் ஏன் பட்டுப்போகிறது?

மாரி மழைக்கு வன்னிப் பற்றைகளில் யாரும் பாராமலே கொடியேறிப் பூக்கிற கார்த்திகைப்பூ, வளவுக்குக் கொண்டுவந்ததும் பட்டுப்போகிறது. பெரும்பாலும் நாங்கள் கூடுதலாகப் பராமரிப்பதுதான் காரணம்.

முதலாவது, கோடைத் தண்ணீர். மாரி முடிய கொடி மஞ்சளித்துக் காய்ந்துவிடும். அது சாவு இல்லை, மண்ணுக்குள் கிழங்கு உறங்குகிறது. பக்கத்து மிளகாய்ப் பாத்திக்கு இறைத்த தண்ணீர் ஊறியே என் மூன்று கிழங்குகளும் போயின. கிண்டிப் பார்த்தால் தோல் மட்டும் விரலோடு கழன்று வந்தது, உள்ளே கூழ். அன்றைக்கு எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை. களிமண் வளவென்றால் மணல் கலந்து மேடாக்கி நடுங்கள். கொடி பச்சையாக நிற்கும்போது வெட்டவும் வேண்டாம். பழைய கிழங்கு ஒவ்வொரு வருடமும் சுருங்கி முடிந்துவிடும். அந்த இலைகள்தான் புதுக் கிழங்கை வளர்க்கின்றன.

கிழங்கைக் கையில் எடுத்துப் பாருங்கள். கலப்பை மாதிரி வளைந்து இரண்டு கவராக இருக்கும். ஒவ்வொரு கவரின் நுனியிலும் ஒரே ஒரு முளை. அது ஒடிந்தால் அந்தக் கவர் வீண். மரவள்ளித் தடி போலத் துண்டு போட்டு நடுகிறவர்கள் இழப்பது இந்த நுனியைத்தான். புரட்டாசியில், மழைக்கு முன், நாலு விரல் ஆழத்தில் படுக்கையாக வையுங்கள். விதை போட்டால் பூக்கச் சில வருடங்கள் செல்லும்.

இலை நுனிதான் சுருண்டு பிடிக்கிற கை. தடித்த கம்பத்தை அது பற்றாது. கிளுவை வேலியின் மெல்லிய கொப்பு போதும்.

இராசவள்ளி, வத்தாளைப் பாத்திக்குப் பக்கத்தில் மட்டும் நடவே வேண்டாம். செடி முழுவதும் கொல்ச்சிசின் என்ற நஞ்சு. கிழங்கில் அது அதிகம். உணவுக் கிழங்கென்று அவித்துச் சாப்பிட்டு உயிர்விட்டவர்கள் இலங்கையில் இருக்கிறார்கள். வாந்தியும் வயிற்றோட்டமும் சில மணித்தியாலம் கழித்தே தொடங்கும். யாராவது தின்றுவிட்டால் அதுவரை பார்த்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டோடுங்கள். ஆடு, மாடு எட்டாத பக்கமாக நடுங்கள். கிழங்கைத் தொட்ட கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள்.

காட்டில் போய்க் கிண்டாதீர்கள். கண்ணிவெடி அகற்றி முடியாத நிலம் வன்னியில் இன்னும் உண்டு. புரட்டாசியில் அயல் வளவில் யாராவது கிழங்கு பிரித்து நடும்போது, நுனி ஒடியாத ஒரு கவரைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.