ரிப்ளை அமுக்குறதுக்கு முன்னாடி 'டூ' பாக்ஸ ஒருதடவ பாருங்க

குரூப் மெயில்ல ரிப்ளை அமுக்கினா யாருக்குப் போகும்னு கேட்டா முக்காவாசிப் பேரு "அனுப்புனவருக்குத்தான்"னு சொல்வாங்க, நானும் அப்படித்தான் நம்பிட்டு இருந்தேன். ஒரு குரூப்ல ஒரு பெரியவர் பக்கம் பக்கமா எழுதுவாரு, ஒருநாள் அதுக்கு என் ஃப்ரெண்டு பதில் போட்டிருந்தான், அவனுக்கு மட்டும் போகுதுன்னு நெனச்சு "அண்ணன் மறுபடி ஆரம்பிச்சுட்டாருடா"ன்னு தட்டி விட்டேன், அறுநூறு பேருக்குப் போயிடுச்சு. பத்து நிமிஷத்துல அவரே பதில் போட்டாரு, "இன்னும் ரெண்டு பாராதான் தம்பி, முடிச்சிடறேன்"னு.

என்ன நடந்துச்சுன்னா, ஒவ்வொரு மெயில்லயும் நம்ம கண்ணுக்குக் காட்டாத சில வரி இருக்கும், அதுல ரிப்ளை-டூன்னு ஒண்ணு. அது இருந்தா, அனுப்புனவர் பேரு மேல தெரிஞ்சாலும் பதில் என்னவோ ரிப்ளை-டூல இருக்குற அட்ரஸுக்குத்தான் போகும். அட்மின் அங்க குரூப்போட அட்ரஸ போட்டு வச்சிருந்தா ரிப்ளைனாலே ஊருக்கே, போடலன்னா எழுதுனவருக்கு மட்டும். கூகுள் குரூப்ஸ், மெயில்மேன்னு குரூப் மெயில் நடத்துற சாஃப்ட்வேர் எதுவா இருந்தாலும் இது அட்மின் கையில இருக்குற செட்டிங், அதனால ஒரு குரூப்ல பழகுன பழக்கம் அடுத்த குரூப்ல காலை வாரிடும். போன்ல டூ பாக்ஸ் சுருங்கிக் கெடக்கும், விரிச்சுப் பாருங்க. தனியா பேசணும்னா ரிப்ளையே வேணாம், புது மெயில் தொறந்து அவர் அட்ரஸ போட்டுக்குங்க.

ரிப்ளை ஆல் எடத்துக்கு எடம் மாறும். லினக்ஸ் ஆபரேட்டிங் சிஸ்டத்தோட மையப்பகுதிய எழுதுறவங்க பேசிக்கிற லினக்ஸ் கெர்னல் லிஸ்ட்ல (லிஸ்ட்னாலும் மெயில் குரூப்தான்) ரிப்ளை ஆல்தான் முறை, சிசில, அதாவது காப்பி போற பேருங்கள்ல, இருக்குற யாரையும் கழட்டி விடக்கூடாது. லினக்ஸ வச்சே செய்யுற டெபியன் சிஸ்டத்தோட லிஸ்ட்ல நேர் எதிர், எழுதுனவர் கேட்டாலொழிய அவருக்குத் தனி காப்பி அனுப்பாதீங்கம்பாங்க. புதுசா சேர்ந்தா ஒரு வாரம் சும்மா படிங்க, புரிஞ்சிடும். மெயில் படிக்க தண்டர்பேர்ட்ங்கிற சாஃப்ட்வேர் வச்சிருக்கவங்களுக்கு லிஸ்டுக்கு மட்டும் பதில் போட 'ரிப்ளை லிஸ்ட்'னு தனி பட்டனே இருக்கு, ஜிமெயில்காரங்க கையாலதான் திருத்திக்கணும்.

இன்னொரு தப்பு, புது விஷயம் பேச பழைய மெயில தொறந்து சப்ஜெக்ட மட்டும் மாத்தி அனுப்புறது. ஜிமெயில் அத தனியா பிரிச்சுக் காட்டிடும், அதனால உங்களுக்கு ஒண்ணும் தெரியாது, ஆனா பதில் எந்த மெயிலுக்குன்னு சொல்ற அடையாள எண் உள்ள அப்படியே இருக்கும், தண்டர்பேர்ட் மாதிரி எடத்துல பாக்குறவங்களுக்கு உங்க கேள்வி சம்பந்தமே இல்லாத பேச்சுக்கு அடியில போய் உக்காந்துக்கும். பல மெயில ஒண்ணா சேத்து ஒரே மெயிலா, அதாவது டைஜெஸ்ட்டா வாங்குறவங்க பதில் போடும்போது சப்ஜெக்ட்ல ஒரிஜினல் தலைப்ப போடுங்க, உங்க பதிலுக்குத் தேவையான ரெண்டு வரிய மட்டும் வச்சுட்டு மீதிய வெட்டுங்க, அதுக்குக் கீழ உங்க பதில எழுதுங்க. முப்பது மெயிலையும் வாலா தொங்கவிட்டு மேல "ஓகே சார்"னு ஒத்த வரி அனுப்புறவங்கள என்ன சொல்ல.

வெளிய போகணும்னா பெரும்பாலும் மெயிலோட அடியிலயே அன்சப்ஸ்கிரைப் லிங்க் இருக்கும். "என்னை எடுத்துடுங்க"ன்னு எல்லாருக்கும் அனுப்பாதீங்க, 1997ல மைக்ரோசாஃப்ட்லயே சுமார் 13,000 பேர் இருந்த ஒரு லிஸ்ட்ல ஒருத்தர் அப்படிக் கேக்கப்போய், "என்னையும்"னு ஆளாளுக்கு ரிப்ளை ஆல் அடிச்சு, மெயில் சர்வரே படுத்துடுச்சு.

ஜிமெயில்ல கம்ப்யூட்டர்ல செட்டிங்ஸ் போனா அனுப்புன மெயில உடனே திரும்ப எடுக்க அன்டூ சென்ட்னு இருக்கும், அத 30 செகண்டுக்கு மாத்தி வச்சுக்குங்க. நான் மாத்துனது அந்த அண்ணனோட பதில் வந்த அடுத்த நிமிஷம்.