கூலன்ட் மாத்துறப்ப நம்ம பசங்க பண்ற தப்புகள் (முக்கியமா அந்த போர் தண்ணி)

மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி சுத்துவட்டாரத்துல இப்ப டியூக், ஆர்15, என்எஸ்200, டாமினார்னு ரேடியேட்டர் வெச்ச வண்டி இல்லாத தெருவே இல்லை, பசங்களும் வீடியோ பாத்துட்டு கூலன்டை, அதான் இன்ஜின் சூட்டை ரேடியேட்டருக்கு எடுத்துட்டுப் போற தண்ணி மாதிரி சரக்கை, வீட்டு வாசல்லயே மாத்திடுறாங்க. நல்லதுதான், அது ஒண்ணும் பெரிய வேலை இல்லை. ஆனா ஒரு காலத்துல நாங்க அடிச்ச அதே கூத்தை அச்சு பிசகாம அடிச்சுட்டு பட்டறை வாசல்ல வந்து நிக்கிறப்பதான் வயிறு எரியுது. சூடா இருக்கிறப்ப மூடியத் திறக்காதேங்கறதெல்லாம் மூடி மேலயே எழுதியிருக்கு, அதை நான் வேற சொல்ல வேணாம்.

போர் தண்ணியில கழுவுறது

கூலன்ட்ல போர் தண்ணி கலக்கக் கூடாதுன்னு எல்லாருக்கும் தெரியும். "பாட்டில் வாங்கித்தாண்ணே ஊத்தினேன், சொட்டு தண்ணி சேக்கல"ம்பாங்க. சரி தம்பி, அதுக்கு முன்னாடி எதுல கழுவுன? "அது சும்மா மோட்டார போட்டு ஹோஸ்ல அடிச்சு விட்டேன்." வினையே அங்கதான் இருக்கு.

ட்ரெய்ன் போல்ட்டைக் கழட்டினா உள்ள இருக்கிறது மொத்தமும் வெளிய வந்துரும்னு நெனைக்கிறாங்க. வராது. இன்ஜின் பிளாக்ல, ஹோஸ் வளைவுல எல்லாம் கொஞ்சம் நின்னுடும். இந்த வண்டிங்க மொத்தமா குடிக்கிறதே ஏறக்குறைய ஒரு லிட்டர்தான், அதுல ஒரு டம்ளர் உப்பு கரிக்கிற போர் தண்ணி தங்கிட்டா நீங்க காசு குடுத்து வாங்கின 50:50 கூலன்ட் (பாதி மருந்து, பாதி சுத்தத் தண்ணி) அப்பவே கெட்டுப் போச்சு. உப்புல இருக்கிற குளோரைடு அலுமினியத்தை அரிக்கும், கால்சியம் சூடான இடமா பாத்து ஒட்டும், வீட்டுல வாட்டர் ஹீட்டர் ராடு மேல வெள்ளையா படியுதே, அதேதான் சிலிண்டர் ஹெட்டுக்குள்ளயும் நடக்கும், என்ன, கண்ணுக்குத் தெரியாது.

வேதாரண்யம் பக்கத்துத் தம்பி ஒருத்தன், டியூக் 390 வெச்சிருக்கான், உப்பளத்துக்குப் பக்கத்து ஊரு. தானே கழுவி தானே கூலன்ட் ஊத்தி ஜம்முனு ஓட்டிக்கிட்டு இருந்திருக்கான். கொஞ்ச மாசத்துல தஞ்சாவூர் டிராஃபிக்ல நின்னாலே சூடு ஏறுது, ஃபேன் நிக்கவே மாட்டேங்குது. வாட்டர் பம்ப் மூடியைக் கழட்டினா உள்பக்கம் பூரா உப்பு பூத்திருக்கு, நகத்தால சொரண்டினா கொட்டுது, அடியில அலுமினியம் குழி குழியா இருக்கு. சீலும் போச்சு. பம்புக்கு அடியில ஒரு சின்ன ஓட்டை இருக்கும், சீல் போனா கூலன்ட் ஆயிலுக்குள்ள போகாம அது வழியா வெளிய சொட்டணும்னுதான் கம்பெனிக்காரன் அதை வெச்சிருக்கான். தம்பி என்ன பண்ணியிருக்கான், லீக்குனு நெனச்சு அந்த ஓட்டையில எம்சீலை அப்பிட்டான்! கூலன்ட் வெளிய போறதுக்கு வழியில்லாம ஆயில்ல கலந்து, ஆயில் மட்டம் பாக்குற கண்ணாடியில பாத்தா ஆயில் வெளுத்து நுரையா நிக்குது. பம்பு, சீலு, ரேடியேட்டரு, ரெண்டு தடவை ஆயிலு. எல்லாம் எதுக்கு, ஒரு கேன் டிஸ்டில்ட் வாட்டர் வாங்க கஞ்சப்பட்டதுக்கு.

பேட்டரி கடையில அஞ்சு லிட்டர் கேன் கிடைக்கும். அதே கடையில ஆசிடும் விப்பாங்க, வாயத் தொறந்து டிஸ்டில்ட் வாட்டர்னு கேட்டு வாங்குங்க. ஊத்தி வண்டிய ஸ்டார்ட் பண்ணி ஃபேன் ஓடுற வரைக்கும் விடணும். ஆறின வண்டியில தெர்மோஸ்டாட் (சூடு ஏறினா மட்டும் திறக்கிற வால்வு) மூடிக்கிட்டு இருக்கும், சும்மா மேல ஊத்தி கீழ விட்டா தண்ணி இன்ஜினை முழுசா சுத்தி வராது. அப்புறம் நல்லா ஆற விட்டு இறக்குங்க. தெளிவா வர்ற வரைக்கும் இதையே திருப்பி செய்யுங்க. கடைசியா இறக்குறப்ப வண்டிய ரெண்டு பக்கமும் கொஞ்சம் சாய்ச்சா நிக்கிறதும் வரும்.

ஆர்ஓ தண்ணி போதாதான்னு கேப்பீங்க. போருக்கு அது தேவலை, அவ்வளவுதான், உப்பு குறையுமே தவிர முழுசா போகாது. ஒருத்தர் "நான் காவேரித் தண்ணிதான் ஊத்தினேன்"னு பெருமையா வேற சொன்னாரு. மேட்டூர் திறந்து வாய்க்கால்ல வர்ற புதுத் தண்ணி என்ன நெறத்துல வரும்னு அவருக்குத் தெரியாதா என்ன!

ப்ரீமிக்ஸ்ல தண்ணி சேக்குறது

சேக்காதீங்க. ப்ரீமிக்ஸ்னா கலந்தே பாட்டில்ல வர்ற கூலன்ட், அதுல ஏற்கெனவே தண்ணி இருக்கு.

ஏர் லாக்

ஊத்தி, ரொம்பிருச்சுன்னு மூடிட்டு கெளம்பிடுறாங்க. உள்ள காத்து மாட்டியிருந்தா சென்சார் காத்துல நிக்கும், மீட்டர் ஒழுங்கா காட்டாது, ஃபேனும் நேரத்துக்கு ஓடாது, ஹெட் கேஸ்கெட் (சிலிண்டர் ஹெட்டுக்கு அடியில இருக்கிற அடைப்புத் தகடு) போறப்பதான் தெரியும். ஆறின வண்டியில மூடியத் திறந்து வெச்சே ஸ்டார்ட் பண்ணுங்க, ஹோஸை கையால அமுக்கி அமுக்கி விடுங்க, குமிழி வர வர மட்டம் இறங்கும், ஊத்திக்கிட்டே இருங்க. குமிழி நின்னப்புறம்தான் மூடி. ரிசர்வ் டேங்க்ல மட்டும் ஊத்திட்டு ரேடியேட்டரைத் திறந்தே பாக்காத ஆளுங்களும் இருக்காங்க, அவங்களுக்குக் கும்பிடு. மறுநாள் காலையில ஆறினப்புறம் ரெண்டையும் இன்னொரு தடவை பாருங்க.

பச்சையும் பச்சையும் ஒண்ணுன்னு நெனைக்கிறது

கலர் வெறும் சாயம். ஒரே கலர்ல வேற வேற கெமிக்கல் வருது, சிலது கலந்தா கெட்டியா திரிஞ்சு போகும். வண்டி புக்கைப் பாத்து வாங்குங்க.

ட்ரெய்ன் போல்ட்

வாஷர் புதுசு போடுங்க. அலுமினிய மரை, முறுக்காதீங்க.

ஃபின்னைப் பாக்காதது

கூலன்ட் எல்லாம் மாத்தியாச்சு, இன்னும் சூடாகுதுன்னு வருவாங்க. தை மாசம் சம்பா அறுப்பு நேரம், ரோட்டுல பாதிக்கு நெல்லு காயுது, அறுவடை மிஷின் கெளப்புற தூசி வேற. குனிஞ்சு ரேடியேட்டரைப் பாத்தா ஃபின் (காத்து போற மெல்லிசுத் தகடு) சந்து பூரா பதரும் வைக்கோல் துணுக்கும் அப்பியிருக்கு. காத்தே போகலைன்னா உள்ள என்ன ஊத்தி என்ன. இதைக் கழுவ மட்டும் வீட்டுத் தண்ணி போதும், மெதுவா ஊத்தி பழைய டூத் பிரஷ்ஷால ஃபின் போற போக்குலயே தேய்ங்க. வாட்டர் சர்வீஸ் கன்னைக் கிட்ட வெச்சு அடிச்சா ஃபின் படுத்துரும்.

ஜிக்ஸர் 250 காரங்க

உங்களுக்கு ஆயில் கூலிங். முன்னாடி இருக்கிறது ரேடியேட்டர் இல்லை, வீட்டுக்குப் போங்க.

பழைய கூலன்ட்

கொல்லையில, வாய்க்கால்ல ஊத்தாதீங்க. அதுல இருக்கிற எத்திலீன் கிளைக்கால் இனிப்பா இருக்கும், ஆடு, நாய் நக்கிடும், கிட்னி போய் செத்துரும். அகலமான சட்டியில பிடிச்சு, பாட்டில்ல ஊத்தி மூடி, மேல என்னன்னு எழுதி வெச்சு, பக்கத்துல சர்வீஸ் சென்டர்ல வாங்கிப்பாங்களான்னு கேளுங்க. குளிர்பான பாட்டில்ல மட்டும் ஊத்தாதீங்க, வீட்டுல குழந்தைங்க இருக்கு.