இதயச் சுவரில் பேஸ்மேக்கர் லீட்டைப் பதிக்கும்போது ஆழத்தைக் கட்டுப்படுத்தும் முறை

பேஸ்மேக்கர் பொருத்துவதில் பயிற்சி பெறும் இளம் வைத்தியர்களும் அவர்களுக்குத் துணைநிற்கும் தொழில்நுட்பவியலாளர்களும் மட்டக்களப்புப் பயிற்சிகளில் என்னிடம் அதிகம் கேட்கும் கேள்வி, “எத்தனை சுற்றுத் திருகவேண்டும்?” என்பதுதான். அவர்கள் கேட்பது லீட்டைப் பற்றி, அதாவது பேஸ்மேக்கரின் மின்தூண்டலை இதயத்துக்குக் கொண்டுசெல்லும், முனையில் திருகுள்ள மெல்லிய கம்பியைப் பற்றி. சுற்றின் எண்ணிக்கை ஆழத்தின் அளவு அல்ல என்பதை விளக்கவே இதை எழுதுகிறேன். நோயாளியிடம் இவற்றைச் செய்வது மூத்த இதய வைத்தியரின் மேற்பார்வையில் மட்டுமே.

முதலில் சுவரின் தடிப்பை மனத்தில் நிறுத்த வேண்டும். வல இதயவறையின் வெளிச்சுவர் ஏறத்தாழ 3 முதல் 5 மில்லிமீற்றர்தான். நுனிப்பகுதியில் அதைவிடவும் மெல்லியதாக இருக்கும். இரு இதயவறைகளுக்கும் நடுவிலுள்ள இடைச்சுவரோ பெரும்பாலானோரில் 6 முதல் 10 மில்லிமீற்றர். லீட்டின் திருகுமுனை ஏறத்தாழ 2 மில்லிமீற்றர் நீளமே உடையது. அப்படியானால் சுவர் துளைபடுவது எப்படி? திருகு தன்னால் மட்டும் துளைப்பதில்லை. பின்னாலிருந்து கை கொடுக்கும் அழுத்தத்தில் லீட்டின் உடலும் அதைத் தொடர்ந்து உள்ளே புகுந்துவிடுகிறது. ஆகவே கட்டுப்படுத்த வேண்டியவை இரண்டு: முன்னோக்கிய அழுத்தமும், கையிலிருந்து முனைக்குப் போய்ச்சேரும் முறுக்கமும்.

இதைக் கையால் உணர, ஏறாவூரிலோ காத்தான்குடியிலோ இறைச்சிக்கடையில் அன்று காலை கிடைக்கும் மாட்டு இதயத்தை வாங்கி, உப்புநீரில் கழுவிக் குளிராக வைத்துப் பயிலலாம். அதன் சுவர் மனித இதயத்தினும் தடிப்பானது என்பதை மறக்கக் கூடாது. பெருநாடியின் அடியில் மாட்டுக்கு ஒரு சிறிய எலும்பும் உண்டு, அவ்விடத்தைத் தவிர்க்கவும். வல இதயவறையைத் திறந்து, பயிற்சிக்கான லீட்டை இடைச்சுவருக்குச் செங்குத்தாக வைத்துத் திருகியபின், அது சென்ற தடத்தின் வழியே கூரிய கத்தியால் அறுத்து அடிமட்டத்தால் அளந்து பாருங்கள். நான் பழகிய நாட்களில் ஒருமுறை, எட்டுச் சுற்றுவரை முனை அசையவேயில்லை. லீட்டில் தேங்கியிருந்த முறுக்கம் ஒன்பதாவது சுற்றில் ஒரேயடியாக விடுபட, முனை மறுபக்கம் வெளியே வந்து நின்றது. அன்றிலிருந்து இரண்டு மூன்று சுற்றுக்கு ஒருமுறை கையைத் தளர்த்தி, லீட் தானாகப் பின்சுழல்கிறதா என்று பார்ப்பது எனக்கு வழக்கமாகிவிட்டது.

வெளியே நீண்டு வரும் திருகுள்ள லீட் என்றால், உடலுக்குள் செலுத்துமுன் மேசையிலேயே திருகை நீட்டியும் மடக்கியும் பார்த்து, முழுதாக வெளிவர எத்தனை சுற்று வேண்டுமென்று குறித்துக்கொள்ளுங்கள். திருகும் நேரத்தில், லீட்டை விறைப்பாக்க அதனுள்ளே செருகியிருக்கும் ஸ்டைலெட் கம்பியைச் சற்றுப் பின்னிழுத்துவிட வேண்டும். அது நுனிவரை இருந்தால் முனை ஊசிபோல் விறைத்து நிற்கும். இடது சாய்வுக் கோணத்தில் எக்ஸ் கதிரில் பார்க்கும்போது முனை முள்ளந்தண்டை நோக்கியிருந்தால் அது இடைச்சுவரில் இருப்பதாகக் கொள்ளலாம். முனை நன்றாகப் பற்றியதும், லீட் வழியே எடுக்கும் மின்பதிவில் காயமின்னோட்டம் (திருகு தசையில் ஏற்படுத்தும் சிறு காயத்தால் எழும் மின்குறி) உயர்ந்து தோன்றும். அது தோன்றாவிட்டாலும், தோன்றிப் பின் திடீரென மறைந்தாலும், மேலும் திருகாதீர்கள்.

இட இதயவறைக்கு மின்தூண்டலைக் கொண்டுசெல்லும் இயற்கையான பாதையான இடக் கட்டுக்கிளையைத் தூண்டும் முறையில் ஆழமே முழு வேலையும். சீனாவின் வெயிஜியன் ஹுவாங் குழுவினர் 2017இல் வெளியிட்ட இம்முறையில், லீட் இடைச்சுவரை வலப்பக்கத்திலிருந்து ஊடுருவி இடப்பக்க உட்படலத்துக்குச் சற்று முன்பாக நிற்க வேண்டும். இதற்கு அதிகம் பயன்படும் மெல்லிய லீட்டில் வளைய மின்வாய் முனையிலிருந்து ஏறத்தாழ 11 மில்லிமீற்றர் பின்னால் இருப்பதால், வழிக்குழாயினூடாகச் சிறிது சாயமருந்து செலுத்தி இடைச்சுவரின் விளிம்பைத் தெளிவாக்கினால், அந்த வளையமே அளவுகோலாகிவிடும். திருகத் திருக மின்தடை முதலில் ஏறிப் பின்னர் மெல்ல இறங்கும். ஈ.சி.ஜி.யில் நெஞ்சின்மேல் எடுக்கும் வி 1 பதிவில் வலக் கட்டுக்கிளை தடைப்பட்டதைப் போன்ற வடிவில் மேலதிகத் துடிப்புகள் தோன்றத் தொடங்கினால், முனை இடப்பக்கத்தை அண்மித்துவிட்டது என்று பொருள். அங்கே நிறுத்துங்கள். முனைமின்வாயின் மின்தடை சடுதியாக வீழ்ந்து 500 ஓமுக்குக் கீழே போவதும், தூண்டல் பிடிபடாமல் போவதும் மறுபக்கம் துளைத்துவிட்டதற்கான அறிகுறிகள். அப்போது அதே துளையில் சற்றுப் பின்னிழுத்து விட்டுவிடாமல், லீட்டை முழுதாகக் கழற்றி வேறிடத்தில் பதிக்க வேண்டும்.

வெளிச்சுவர் துளைபட்டிருக்கலாம் என்ற சந்தேகம் வந்தால் நிலைமை வேறு. இரத்த அழுத்தம் வீழ்ந்து நாடி விரைந்தால் முதலில் எக்கோ ஸ்கேன். இதயச் சுற்றுச்சவ்வுக்குள் தேங்கும் இரத்தத்தை வடிக்கும் ஊசியும் குழாயும் ஆயத்தமாகும்வரை லீட்டை அவசரப்பட்டு இழுக்கக் கூடாது, ஏனெனில் துளையை அடைத்துக்கொண்டிருப்பது அந்த லீட்டாகவே இருக்கலாம். முதியோர், மெலிந்த உடலினர், ஸ்டீரொய்ட் மருந்து எடுப்பவர்கள் ஆகியோரில் இந்த ஆபத்து கூடுதல்; அவர்களிடம் நுனிப்பகுதியைத் தவிர்ப்பதே என் கருத்து.

முடிக்குமுன் 10 வோல்ற்றில் தூண்டி, வயிற்றின்மேல் கைவைத்து உதரவிதானம் துடிக்கிறதா என்று பாருங்கள். நோயாளியை ஆழமாக மூச்செடுக்கச் சொல்லி, லீட் இறுகாமல் சிறு வளைவுடன் தளர்வாகக் கிடக்கிறதா என்பதையும் எக்ஸ் கதிரில் உறுதிசெய்யுங்கள். துளைபடுதல் சில நாட்களின் பின்னும் நிகழும். வாகரையிலிருந்தோ பொத்துவிலிலிருந்தோ வந்தவர் வீடு திரும்பினால் வைத்தியசாலை அவருக்கு வெகுதூரம். ஆகவே விடாத விக்கல், மூச்செடுக்கும்போது நெஞ்சுக்குத்து, மீண்டும் தலைசுற்றல், இவற்றில் ஒன்று வந்தாலும் அன்றைக்கே புறப்பட்டு வரவேண்டும் என்று அவருக்கும் கூட வந்தவருக்கும் சொல்லி, துண்டிலும் தமிழில் எழுதிக் கொடுங்கள்.